ரூபாயும் ரியாலும்: மாறிய மதிப்பும் மாறாத கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும் நாளில், வரவு செலவோடு தொடர்புடைய ஒரு பொருளைப் பற்றியே பேசலாம் என எண்ணுகின்றேன். இந்திய ரூபாய்க்கும் சவூதி ரியாலுக்கும் இடையே உள்ள மாற்று விகிதம் கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் எவ்வாறு மாறி வந்திருக்கிறது, அந்த மாற்றம் நமக்கிடையே உள்ள கடன் உறவுகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதே அப்பொருள். சம்பளம் அனுப்பும் நாளில் மட்டும் நாம் கேட்டறிந்து மறந்துவிடுகின்ற இந்த எண், சகோதரர்களைப் பிரித்து வைக்கும் வல்லமையும் உடையது. ஆகவே அதன் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

ஒரே எடையில் இரு நாணயங்கள்

இன்று ஒரு ரியாலுக்கு இருபது ரூபாய்க்கு மேல் கிடைப்பதைக் கண்டு வளர்ந்த இளைஞர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கலாம். பிறந்தபோது ரியால் ரூபாயின் இரட்டைப் பிள்ளையைப் போன்றது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடையுள்ளது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. அரபுக் கடலின் இருகரைகளிலும், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலும் வணிகர்கள் நம்பி ஏற்ற நாணயம் அது. 1932இல் சவூதி அரேபியா ஒரே அரசாக அமைந்தது. அதுவரை புழங்கிய ரியால் நாணயம் இருமடங்குக்கும் அதிக எடையுள்ளதாக இருந்தது. 1935இல் அதற்கு மாற்றாக அச்சிடப்பட்ட வெள்ளி ரியால், எடையிலும் மாற்றிலும் இந்திய ரூபாயை ஒத்ததாக அமைக்கப்பட்டது. ரூபாயைப் பழகிய வணிகர் கையில் ரியாலைக் கொடுத்தால் அவர் தராசைத் தேட வேண்டியதில்லை.

அக்காலத்தில் அரபு நாட்டில் காகிதப் பணத்துக்கு மதிப்பில்லை. வெள்ளி ரியாலும், பிரிட்டிஷ் பொற்காசும், மரியா தெரசா வெள்ளிக்காசுமே கைமாறின. 1952இல் சவூதி அரேபிய நாணய ஆணையம் நிறுவப்பட்டது. காகித நோட்டு வெளியிட அன்று அதற்கு அனுமதியில்லை. ஆனால், ஹாஜிகள் மூட்டை மூட்டையாக வெள்ளிக்காசுகளைச் சுமந்து அலைவதைத் தவிர்ப்பதற்காக 1953இல் ‘ஹாஜிகள் இரசீது’ என்ற பெயரில் பத்து ரியால் தாள்களை அது வெளியிட்டது. காட்டினால் காசு கிடைக்கும் என்ற நம்பிக்கையால் ஹஜ் முடிந்த பின்னும் மக்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் பணமாகவே வைத்துக்கொண்டனர். 1961இல் முறையான ரியால் நோட்டுகள் வருவதற்கு வழிவகுத்தது அந்த ஹாஜிகள் இரசீதுதான். இன்று உலகெங்கும் மதிக்கப்படும் ரியால் நோட்டு, ஹாஜிகளுக்குச் செய்த ஒரு கித்மத்திலிருந்து தோன்றியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் அதற்கு ஈடான ஒரு வரலாறு உண்டு. இந்திய ரூபாய் வளைகுடாவில் தாராளமாகப் புழங்கியதைப் பயன்படுத்திச் சிலர் அங்கிருந்து தங்கத்தைக் கடத்தி வந்தனர். அதற்கு விலையாகச் சென்ற ரூபாய் நோட்டுகள் அந்நியச் செலாவணி கேட்டு இந்தியாவுக்கே திரும்பி வந்தன. இதைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி, வளைகுடாவில் மட்டும் செல்லுபடியாகும் தனி நோட்டுகளையும், ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கென்றே பத்து ரூபாய், நூறு ரூபாய் ஹஜ் நோட்டுகளையும் வெளியிட்டது. அவை இந்தியாவுக்குள் புழங்குவதற்கு உரியவை அல்ல. சவூதியில் அவற்றைக் கொடுத்து ரியாலாக மாற்றிக்கொள்ளலாம்.

விகிதம் மாறிய வரலாறு

1960ஆம் ஆண்டு ஜனவரியில் சவூதி அரசு ஒரு டாலருக்கு 4.50 ரியால் என விகிதத்தை நிர்ணயித்தது. அப்போது ஒரு டாலருக்கு இந்திய ரூபாய் 4.76. ஆக, ஒரு ரியாலின் மதிப்பு ஏறத்தாழ ஒரு ரூபாய் ஆறு காசு மட்டுமே. கால் நூற்றாண்டு கடந்தும் இரட்டையர்கள் தோளோடு தோளாகவே நின்றனர்.

முதல் பிரிவு 1966 ஜூன் 6 அன்று நேர்ந்தது. 1962இலும் 1965இலும் நடந்த போர்கள், 1965இன் கடும் வறட்சி, நிறுத்தப்பட்ட வெளிநாட்டு உதவி ஆகியவற்றால் நெருக்கடிக்கு ஆளான இந்திய அரசு, திருமதி இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, ரூபாயின் மதிப்பை டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 ஆகக் குறைத்தது. ஒரே நாளில் ரியால் 1.06 ரூபாயிலிருந்து 1.67 ரூபாயாக உயர்ந்தது. வளைகுடா நோட்டுகளை வைத்திருந்த நாடுகளும் இதனால் இழப்புக்கு உள்ளாயின. குவைத் 1961இலும், பஹ்ரைன் 1965இலும் ஏற்கனவே தமக்கெனத் தனி தீனாரை ஏற்படுத்திக்கொண்டிருந்தன. கத்தரும் துபாயும் 1966இல் தனி ரியாலை வெளியிட்டன. ஓமன் 1970இல் ரூபாயைக் கைவிட்டது. வளைகுடாவில் ரூபாயின் காலம் அத்தோடு முடிந்தது.

அடுத்து 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. சவூதியின் கருவூலம் நிரம்பிற்று. ரியால் டாலருக்கு 3.55 என வலுப்பெற்றது. நம் ஊர்களிலிருந்து இளைஞர்கள் அலையலையாகச் சபுர் சென்றது அதன் பின்னர்தான். 1986 ஜூனில் சவூதி அரசு ஒரு டாலருக்கு 3.75 ரியால் என நிலைநிறுத்தியது. இன்றுவரை அந்த எண் மாறவில்லை. ஆகவே 1986க்குப் பின் ரியாலின் ரூபாய் மதிப்பை அறிய வேறு கணக்கு எதுவும் வேண்டாம். டாலரின் ரூபாய் மதிப்பை 3.75ஆல் வகுத்தால் போதும்.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தை ஆக்கிரமித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உடுத்திய துணியோடு விமானத்தில் அழைத்து வரப்பட்டனர். எண்ணெய் விலை ஏறிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. 1991 நடுவில் இந்தியாவிடம் சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி இருந்தது. தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்கும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு சுமார் 21 என்பதிலிருந்து சுமார் 26 ஆகக் குறைக்கப்பட்டது. 1993 மார்ச் முதல் ரூபாயின் விலையைச் சந்தையே முடிவு செய்யும் முறை வந்தது. அது தொடங்கியபோது டாலர் சுமார் 31 ரூபாய் 37 காசு.

எளிதில் ஒப்பு நோக்குவதற்காக, டாலர் வழியே கணக்கிட்ட ரியாலின் மதிப்பைக் கீழே தந்துள்ளேன் (தோராயமாக):

1960 – 1.06 ரூபாய்
1966 ஜூன் 6க்குப் பின் – 1.67 ரூபாய்
1986 – 3.35 ரூபாய்
1991 ஜூன் – 5.60 ரூபாய்
1991 ஜூலை – 6.90 ரூபாய்
1993 மார்ச் – 8.37 ரூபாய்
2002 – 13 ரூபாய்
2007 இறுதி – 10.50 ரூபாய்
2013 ஆகஸ்ட் இறுதி – 18.30 ரூபாய்
2022 அக்டோபர் – 22 ரூபாய்
2025 டிசம்பர் – 24 ரூபாய்

இதில் 2002ஐயும் 2007ஐயும் கவனியுங்கள். விகிதம் எப்போதும் ஒரே திசையில்தான் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. அந்த ஐந்தாண்டுகளில் ரூபாய் வலுப்பெற்றது. 2002இல் ஆயிரம் ரியால் அனுப்பியவரின் வீட்டில் பதின்மூன்றாயிரம் ரூபாய் சேர்ந்தது. 2007 இறுதியில் அதே ஆயிரம் ரியால் பத்தாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிற்று. அதே வெயிலில் அதே வேலையைச் செய்தவரின் வீட்டில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது.

ரியால் உயர்ந்ததா?

இந்தப் பட்டியலைப் பார்த்து ‘ரியால் உயர்ந்துகொண்டே போகிறது’ என்கிறோம். உண்மையில் ரியால் டாலரோடு கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. இறங்கியது ரூபாய். நாம் வெளிநாட்டில் வாங்கும் பொருள் நாம் விற்கும் பொருளை விட அதிகமாக இருப்பதும், நம் நாட்டு விலைவாசி அவர்களுடையதை விட வேகமாக ஏறுவதும் அதன் முக்கியக் காரணங்கள்.

ரியாலையும் டாலரையும் பொன்னோடு வைத்துப் பார்த்தால் அவையும் இறங்கியவையே. 1971 ஆகஸ்ட் வரை ஓர் அவுன்ஸ் பொன்னுக்கு 35 டாலர் என அமெரிக்கா உறுதியளித்திருந்தது. அன்றைய கணக்கில் அது சுமார் 157 ரியால். 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் பொன் 4,000 டாலரைத் தாண்டியது. அதாவது 15,000 ரியால். வெள்ளியாகப் பிறந்த ரூபாயும் ரியாலும் காகிதமான பின், இரண்டின் மதிப்பும் அரசுகளின் சொல்லையும் சந்தையின் போக்கையும் பொறுத்ததாகிவிட்டன. ரியாலில் சம்பாதிக்கிறோம் என்ற பெருமிதமும், ரூபாயில் சம்பாதிக்கிறோம் என்ற தாழ்வு மனப்பான்மையும் தேவையற்றவை.

கடன் என்று வரும்போது

சகோதரர்களே, இனி இவ்வுரையின் நோக்கத்துக்கு வருகின்றேன்.

ஒரு சகோதரர் 1991 ஜூன் மாதத்தில் மற்றொருவருக்கு 10,000 ரியால் கடன் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அது 56,000 ரூபாய். அடுத்த மாதமே 69,000. இரண்டு ஆண்டுகளில் 83,000க்கு மேல். 2025 டிசம்பரில் 2,40,000. வாங்கியவர், ‘அன்று என் கைக்கு வந்தது 56,000, அதையே தருவேன்’ என்கிறார். கொடுத்தவர், ‘நான் கொடுத்தது 10,000 ரியால், அதையே கேட்கிறேன்’ என்கிறார். இருவரும் பொய்யர் அல்லர். இருவரிடமும் வழக்கு உண்டு. இப்படிப்பட்ட வழக்குகள் ஜமாஅத்தின் முன் வரும்போது எந்த அளவுகோலால் தீர்ப்பது?

கடனாக எது கைமாறியதோ அதன் ஒத்ததையே திருப்பித் தர வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. ரியால் வாங்கியவர் மீது ரியால் கடமை. ரூபாய் வாங்கியவர் மீது ரூபாய் கடமை. நாணயத்தின் மதிப்பு இறங்கினால் என்ன செய்வது என்பதில் முன்னோர்களும் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். செப்புக்காசின் மதிப்பு குறைந்தால் அதே எண்ணிக்கைக் காசே போதும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. கடன் ஏற்பட்ட நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்பது அவர்தம் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. திமிஷ்கின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) இந்த ஒரு விஷயத்துக்கென்றே தனி நூல் எழுதினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒத்ததைத் தருவதே சட்டம். நம் காலத்தில் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கடன் எந்த நாணயத்தில் ஏற்பட்டதோ அந்த நாணயத்தில் அதே எண்ணிக்கையே கடமை, விலைவாசியோடு அதைப் பிணைக்கக்கூடாது என முடிவு செய்தது.

அப்படியாயின் ரியால் கடனை ரூபாயில் அடைப்பது எங்ஙனம்? இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃ பகுதியில் ஒட்டக வியாபாரம் செய்துவந்தார்கள். தீனாருக்கு விற்றுவிட்டு அதற்குப் பதிலாக திர்ஹமை வாங்குவார்கள். திர்ஹமுக்கு விற்றுவிட்டு தீனாரை வாங்குவார்கள். இது பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியபோது, அன்றைய தின விலைக்கே மாற்றிக்கொள்வதாகவும், பாக்கி எதுவும் வைக்காமல் பிரிவதாகவும் இருந்தால் குற்றமில்லை என விளக்கமளித்தார்கள். இச்செய்தி அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. 1993இல் புரூணையில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமியும், கடனை வேறு நாணயத்தில் அடைக்க இருவரும் உடன்படலாம், ஆனால் அந்த உடன்பாடு அடைக்கும் நாளில், அந்நாளின் விகிதப்படி இருக்க வேண்டும், முன்கூட்டியே விகிதத்தை நிர்ணயிக்கக்கூடாது என்று கூறியது.

ஆகவே மேற்சொன்ன வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கைமாறியது எது? ரியால் ரியாலாகவே கொடுக்கப்பட்டு, ரியாலாகவே பேசப்பட்டிருந்தால் 10,000 ரியால் கடமை. ரூபாயில் அடைத்தால் அடைக்கும் நாளின் விகிதமே கணக்கு. கொடுத்தவர் சபுரிலிருந்தபடி ஊரிலுள்ள வீட்டுக்கு 56,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி, அதையே கடனாகப் பேசியிருந்தால் 56,000 ரூபாய் மட்டுமே கடமை. ரியால் ஏறியதைக் காட்டி அதற்கு மேல் கேட்பது, பெயர் எதுவாயினும், வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இரண்டாம் நிலையில் கொடுத்தவரின் மனம் நோகும் என்பது உண்மையே. 1991இல் 56,000 ரூபாய்க்கு வாங்க முடிந்ததை இன்று அதே தொகைக்கு வாங்க முடியாது. சட்டம் கடன் வாங்கியவரின் பக்கம் நின்றாலும் பண்பு அவரை அங்கேயே நிற்க விடாது. நாயகம் (ஸல்) அவர்கள் இளம் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்று, அதைவிடச் சிறந்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். முன்நிபந்தனையாகவோ வழக்கமாகவோ அல்லாமல், கடனை அடைக்கும்போது தன் மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பது வட்டியாகாது, நன்றியாகும். முப்பது ஆண்டுகள் பிறர் பணத்தை வைத்திருந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுத்து எழுந்துவிடுவது ஒரு முஃமினுக்கு அழகல்ல. அதைவிட முக்கியம், வசதி வந்த நாளிலேயே அடைத்துவிடுவது. விகிதம் இறங்கட்டும் என்று காத்திருந்து இழுத்தடிப்பது அநியாயம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

ஒன்று: கடனை எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதுவதைப் பற்றியதே. தொகையை மட்டும் எழுதினால் போதாது. எந்த நாணயம் என்பதையும், எந்த நாளில், எங்கே கைமாறியது என்பதையும், எப்போது அடைப்பது என்பதையும் எழுதிச் சாட்சி வையுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்போர், அண்ணன் தம்பி உறவு நிலைப்பதற்காகவே எழுத வேண்டும்.

இரண்டு: பல ஆண்டுகளுக்கு மதிப்பு நிலைக்க வேண்டும் என விரும்பினால் தங்கத்தையே எடையிட்டுக் கடனாகக் கொடுத்து, அதே எடையும் மாற்றும் கொண்ட தங்கத்தையே திரும்பப் பெறலாம். ஆனால் ரூபாயைக் கொடுத்துவிட்டு ‘இத்தனை பவுன்’ என்று எழுதிக்கொள்வது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

மூன்று: மஹரைப் பாக்கி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், 1960களில் எழுதப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் மஹர் இன்று என்னவாயிற்று என்பதைச் சிந்தியுங்கள். உடனே கொடுத்துவிடுவதே மேல். இயலாவிடில் பவுன் கணக்கில் நிர்ணயித்தால் அந்தப் பெண்ணின் உரிமை காகிதத்தோடு சேர்ந்து தேயாது.

நான்கு: பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். அரசு நிர்ணயித்த விகிதத்துக்கும் வெளி விகிதத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்த காலத்தில் உண்டியல் பெருகிற்று. 1993க்குப் பின் விகிதத்தைச் சந்தையே முடிவு செய்வதால் அந்த இலாபம் பெரும்பாலும் போய்விட்டது. சட்ட மீறலும் பணத்தை இழக்கும் அபாயமும் மட்டுமே மிஞ்சியுள்ளன. மேலும் வங்கியின் இரசீதில் நாளும் விகிதமும் இருக்கும். பின்னாளில் வழக்கு வந்தால் அதுவே சாட்சி.

ஐந்து: தகராறு ஏற்பட்டால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும் முன் ஆலிம்களிடமும் ஜமாஅத்திடமும் வாருங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் இரு தரப்பையும் கேட்டு, கைமாறியது எது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பின்னரே விகிதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அன்பிற்குரியவர்களே! ரூபாய் எத்தனை முறை இறங்கினாலும், ரியால் நாளை எந்த எண்ணில் நின்றாலும், வாங்கிய கடனைத் திருப்பித் தரும் கடமை இறங்குவதில்லை. நம்மில் யார் மீது கடன் உள்ளதோ அவருக்கு அதை நிறைவேற்றும் வசதியையும், யாருக்கு வர வேண்டியுள்ளதோ அவருக்குப் பொறுமையையும், நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.